தம்பட்டம் அடிச்சுக்கிட்டுப் போன ரகசியத் தாக்குதல் (சென்னை, 1758)

சென்னைக்குள்ள நடந்த சண்டைன்னு கேட்டா நம்மில் பலருக்கும் சட்டுன்னு ஞாபகம் வர்றது 1914-ல எம்டன் கப்பல் குண்டு போட்டதுதான். கொஞ்சம் சரித்திரப் பைத்தியம் பிடிச்சவங்கன்னா 1746-ல அடையாற்றங்கரையில நடந்த சண்டையைச் சொல்வாங்க. பரதி என்கிற தளபதி சில நூறு பேரை வெச்சுக்கிட்டு ஆற்காடு நவாபோட பெரும்படையை சாந்தோம் வரைக்கும் விரட்டினாரே, அது. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சின்னப் படை பெரிய படையை ஜெயிக்கும்னு இந்தியாவுக்கே காட்டின சண்டைன்னு பாடப்புத்தகத்துல கூட வந்தாச்சு.

மூணாவதா ஒண்ணு இருக்கு. அதை யாரும் கொண்டாடறதில்லை. காரணம், அதுல ஜெயிச்சவங்கன்னு யாருமே இல்லை.

தேதி 1758 டிசம்பர் 14. இடம் கறுப்பர் நகரம், அதாவது இன்னிக்கு நாம ஜார்ஜ் டவுன்னு சொல்ற பகுதி. காலையில பிரெஞ்சுப் படை ஊரைப் பிடிச்சது. மதியம் ஆகறதுக்குள்ள கோட்டையில இருந்து 600 ஆங்கிலேயச் சிப்பாய்கள் திடீர்னு பாய்ஞ்சாங்க. கொஞ்ச நேரத்துல அடிபட்டுத் திரும்பி ஓடினாங்க. அவ்வளவுதான் கதை. ஆனா அந்தத் தோல்விக்கு யார் காரணம்னு எழுதி வெச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திடுவோம்.

1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சு மூணு வருஷம் வெச்சிருந்தாங்க. 1749-ல ஐரோப்பாவுல போட்ட ஒப்பந்தத்தோட பலனா ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்புறம் 1756-ல ஏழாண்டுப் போர். ஐரோப்பாவுல ரெண்டு ராஜாக்களும் முறைச்சுக்கிட்டா இங்கே கடலூர்க்காரனும் காஞ்சிபுரத்துக்காரனும் மூட்டை கட்டணும்கிற நிலைமை. 1758 ஏப்ரல் கடைசியில லாலி பிரபு புதுச்சேரியில வந்து இறங்கினார். அயர்லாந்து வம்சாவளி, நல்ல வீரர். வாய் மட்டும் ஆகாது. கூட இருக்கிறவங்க எல்லோரையும் பகைச்சுக்கறதுல மனுஷருக்கு ஈடு கிடையாது. ஜூன்ல கடலூர்ப் பக்கத்து செயிண்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சார். பணத்துக்காகத் தஞ்சாவூர் மேல படையெடுத்துப் போய் வெறுங்கையோட திரும்பினார். அடுத்த குறி சென்னை.

லாலி வந்த வழி நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பழக்கமான வழி. மெட்ரோவுல நீலப் பாதையில கிண்டியில ஏறி உயர் நீதிமன்றத்துல இறங்கறீங்களா? கிட்டத்தட்ட அதுதான். பரங்கிமலையில இருந்து கிளம்பி, சைதாப்பேட்டைப் பக்கம் அடையாறைக் கடக்கணும். அங்கே 1726-ல ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சொந்தக் காசுல கட்டின மர்மலாங் பாலம் இருந்தது. இன்னிக்கு மறைமலை அடிகள் பாலம் இருக்கிற இடம். தாண்டினா இடது கைப்பக்கம் நீளமா ஒரு ஏரி. அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920-கள்ல தியாகராய நகர் வந்தது. மேற்கு மாம்பலத்துல ஏரியே இல்லாம ஒரு லேக் வியூ ரோடு இருக்கே, அதுக்குக் காரணமும் அந்த ஏரிதான். வலது கைப்பக்கம் தேனாம்பேட்டையில இருந்து ராயப்பேட்டை வரைக்கும் வெட்டவெளி. ஆங்கிலேயர் அதை சவுல்ட்ரி சமவெளின்னு சொன்னாங்க. சவுல்ட்ரின்னா நம்ம சத்திரம்தான்.

டிசம்பர் 12 அன்னிக்கு ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இந்தச் சமவெளியில நின்னு கொஞ்சம் பீரங்கிச் சண்டை போட்டுப் பார்த்துட்டு, கோட்டைக்குள்ள பின்வாங்கிட்டார். கோட்டையில இருந்தது சுமார் 1750 ஐரோப்பியர்களும் 2200 இந்தியச் சிப்பாய்களும். கவர்னர் ஜார்ஜ் பிகட். இவங்க ஒரு முடிவு எடுத்திருந்தாங்க. கோட்டையைக் காப்பாத்துவோம், ஊரைக் காப்பாத்த முடியாது.

ஊர்னா எது? கோட்டைக்கு வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை. நெசவுக்காரங்க, துபாஷிகள், கோமுட்டிச் செட்டிமார், ஆர்மீனியர்கள், கூலி வேலைக்காரங்கன்னு கம்பெனி வியாபாரத்தையே தோள்ல தூக்கிச் சுமந்த ஜனங்க இருந்த இடம். கோட்டைச் சுவரை ஒட்டி இன்னும் பழைய கறுப்பர் நகரம் ஒண்ணு இருந்தது. 1746-க்கு அப்புறம் பிரெஞ்சுக்காரங்க அதுல பாதியை இடிச்சாங்க. மிச்சத்தை ஆங்கிலேயர்களே இடிச்சாங்க. எதிரி ஒளிஞ்சு வந்து சுட வசதியா இருக்கக் கூடாதாம். ஊருக்குப் பேர் கொடுத்ததாகச் சொல்லப்படற சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அந்த இடிபாட்டுல போச்சு. பிகட்டோட துபாஷி மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று அதைப் பேட்டைக்குள்ள மறுபடி கட்டினார். பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவுல சென்னமல்லீஸ்வரரோட சேர்ந்து இருக்கிற பட்டணம் கோயில் அதுதான். பழைய கோயில் இருந்த பக்கத்துலதான் இன்னிக்கு உயர் நீதிமன்றம் நிக்குது.

ஆக, டிசம்பர் 14 காலையில லாலி படை கறுப்பர் நகரத்துக்குள்ள நுழைஞ்சப்போ பெரிசா எதிர்ப்பு ஒண்ணும் இல்லை. சின்னச் சின்னக் காவல் படைகள் இருந்தது, அதுவும் கோட்டைக்குள்ள போயிடுச்சு. முடிஞ்ச ஜனங்க ஓடிட்டாங்க. முடியாதவங்க இருந்தாங்க. சம்பளம் பாக்கி, வயித்துக்குச் சரியான சோறு இல்லைன்னு மாசக்கணக்கா இழுபட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு முன்னாடி ஒரு பணக்கார ஊர் கதவைத் திறந்து வெச்ச மாதிரி கிடந்தது. கேட்கணுமா? வீடு வீடாகக் கொள்ளை. அதுல சிலபேர் கண்ணுல சாராயக் கிடங்குகள் பட்டது. அப்புறம் ஒழுங்காவது, அணிவகுப்பாவது.

இந்தச் செய்தி கோட்டைக்குள்ள போச்சு. லாரன்ஸுக்கு மூளையில பளிச்சுன்னு ஒரு யோசனை. எதிரி குடிச்சுட்டுக் கிடக்கான், இப்பவே அடிச்சா முற்றுகை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம். கோட்டையில இருந்ததிலேயே நல்ல ஆளுங்களா 600 பேரைப் பொறுக்கி எடுத்து, ரெண்டு சின்ன பீரங்கியையும் கொடுத்து, கர்னல் வில்லியம் டிரேப்பர் தலைமையில அனுப்பினாங்க. டிரேப்பர் அந்த வருஷம்தான் தன் 79-வது ரெஜிமெண்டோட சென்னைக்கு வந்தவர்.

யோசனை தப்புன்னு சொல்ல முடியாது. நடந்தது வேற.

படை பேட்டைத் தெருக்களுக்குள்ள நுழைஞ்சதும் டிரம் அடிக்கிற பையன்கள் கிரெனடியர் அணிநடைத் தாளத்தைப் பிளந்து கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. குறுகலான தெரு, ரெண்டு பக்கமும் சுவர். சத்தம் எப்படி எதிரொலிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தம்பட்டம் அடிச்சுக்கிட்டு ரகசியத் தாக்குதல்! லொரேன் ரெஜிமெண்ட்காரங்க காதுல விழுந்தது, தள்ளாடினவன் தள்ளாட, மத்தவங்க வரிசையில வந்து நின்னுட்டாங்க.

அப்பவும் ஆட்டம் முடியலை. லொரேன் படை நின்ன இடம் சரியில்லை. பக்கவாட்டுல இருந்து வந்த ஆங்கிலேயர்களோட குண்டு மழை அவங்களை நல்லா பதம் பார்த்தது. பிரெஞ்சுக்காரங்க பீரங்கிகளை அப்படியே விட்டுட்டு வீடுகளுக்குள்ள புகுந்துட்டாங்க. டிரேப்பர் இதுதான் நேரம்னு, "வாங்கடா பின்னாடி"ங்கற மாதிரி சைகை காட்டிட்டு பீரங்கிகளை நோக்கி ஓடினார். அங்க இருந்த பிரெஞ்சு அதிகாரியும் சரணடையத் தயாராயிட்டார். டிரேப்பர் திரும்பிப் பார்க்கறார், பின்னாடி வந்தது மொத்தம் நாலு பேர்!

மத்தவங்க? அவங்களும் தெருவுல நிக்கப் பிடிக்காம வீடுகளுக்குள்ள ஒதுங்கிட்டாங்க. பிரெஞ்சுக்காரங்க எண்ணிக்கையைப் பார்த்தாங்க, தெம்பு வந்துடுச்சு, திருப்பி அடிக்க ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கத்துல இருந்து லாலியோட சொந்த ரெஜிமெண்ட் வேற கிளம்பி வருது. இனி நின்னா கோட்டைக்குப் போற வழியே அடைபட்டுடும். டிரேப்பர் பின்வாங்கினார். வீடுகளுக்குள்ள புகுந்தவங்கள்ல பலபேர் அங்கேயே மாட்டிக்கிட்டுக் கைதியானாங்க.

இந்தக் குழப்பத்துக்கு நடுவுல ஒரு காமெடி. தெஸ்தேங் பிரபுன்னு ஒரு பிரெஞ்சு அதிகாரி, கிட்டப்பார்வைக்காரர். எதிர்ல நிக்கிற படை தன்னோடதுன்னு நினைச்சு நேரா ஆங்கிலேயர்கள்கிட்ட குதிரையை ஓட்டிக்கிட்டுப் போய்க் கைதியாயிட்டார். இவரை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடி வருவார்.

கணக்குப் பார்த்தா ரெண்டு பக்கமும் ஏறத்தாழ 200 பேர் அவுட். பிரெஞ்சுப் பக்கம் லொரேன் படையை நடத்தின சொபினே செத்துப் போனார். ஆங்கிலேயர் பக்கம் மேஜர் பொலியே. ஆறு மாசம் முன்னாடி செயிண்ட் டேவிட் கோட்டையை லாலிகிட்ட ஒப்படைச்சவர் இவர்தான். அந்தக் கெட்ட பேரைச் சுமந்துக்கிட்டு சென்னைக் கோட்டையில இருந்தவர், இந்தச் சண்டையில பட்ட காயத்துல போய்ச் சேர்ந்தார்.

இப்ப பழி விவகாரத்துக்கு வருவோம்.

பிரெஞ்சுப் பக்கத்துல லாலி என்ன சொன்னார்? ஓடற ஆங்கிலேயர்களை வழி மறிக்க கிரியோன் துடிச்சாராம், புஸ்ஸி தடுத்துட்டாராம். மறிச்சிருந்தா அன்னிக்கே சென்னை கையில விழுந்திருக்குமாம். புஸ்ஸி இதை ஒத்துக்கலை. ரெண்டு பேரும் வருஷக்கணக்கா இதுக்கு அடிச்சுக்கிட்டாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. ரெண்டு பேரும் பேர் உள்ளவங்க. தன் பக்கத்து நியாயத்தை எழுதி அச்சடிச்சு வெச்சுட்டுப் போக முடிஞ்சவங்க.

ஆங்கிலேயர் பக்கத்துல இந்தச் சண்டைக்கு ஆதாரமா எல்லோரும் எடுத்துக்கறது ராபர்ட் ஓர்ம் எழுதின சரித்திரம். அவர் சென்னை கவுன்சில்ல இருந்தவர். ஆனா முற்றுகை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கப்பல் ஏறிட்டார். டிரம் அடிச்சது கறுப்புப் பையன்கள்னு அவர்தான் எழுதி வெச்சார். பின்னால வந்தவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அந்தக் காலத்துக் கம்பெனி பாஷையில "கறுப்பு"ங்கறது நம்ம ஊர்க்காரங்களையும் சேர்த்துச் சொல்ற வார்த்தைதான். ஊருக்கே அந்தப் பேர்தானே.

நான் இதை வேற மாதிரி பார்க்கறேன். டிரம் சத்தத்துல எதிரிக்குச் சில நிமிஷம் கிடைச்சதுன்னு வெச்சுக்குவோம். ஆனா பட்டப்பகல்ல 600 பேர், ரெண்டு பீரங்கியை இழுத்துக்கிட்டு, ஒரு ஊருக்குள்ள சத்தமே இல்லாம எவ்வளவு தூரம் போக முடியும்? முதல் வெடி வெடிச்சதும் தெரியப்போற விஷயம்தானே? எதிரி குடிச்சுட்டுக் கிடக்கான்னு வந்த சேதி பாதிதான் உண்மை. குடிக்காத ஆட்களும் வரிசையில நிக்கிற அளவுக்கு இருந்தாங்க. இன்னொரு ரெஜிமெண்ட் வேற பக்கத்துல இருந்தது, அதைக் கட்டிப்போட ஏற்பாடு எதுவும் இல்லை. எல்லாத்துக்கும் மேல, பீரங்கி கைக்கு எட்டின நேரத்துல தளபதி பின்னாடி வந்தது நாலே நாலு பேர். அந்த இடத்துல டிரம் பையன் என்ன பண்ணுவான்?

இன்னொண்ணு. படை நடக்கும்போது தாளம் அடிக்கணும்னுதான் அந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அதைத்தான் செஞ்சாங்க. இன்னிக்கு அடிக்கக் கூடாதுன்னா அதை அவங்ககிட்ட அழுத்திச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? நம்ம ஆபீஸ்கள்ல பார்க்கறதுதான். பிராஜெக்ட் ஊத்திக்கிட்டா கடைசியா சேர்ந்த பையன் தலையில கட்டிட்டு மேனேஜர் அடுத்த பதவிக்குப் போயிடுவார் :-)

சும்மா சொல்லலை. டிரேப்பர் அப்படித்தான் போனார். 1762-ல இதே சென்னையில இருந்து கப்பல்ல படை கூட்டிக்கிட்டுப் போய் ஸ்பெயின்காரங்ககிட்ட இருந்து மணிலாவைப் பிடிச்சார். சர் பட்டம், இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் மணிலா ஹால்னு ஒரு மாளிகை. அவரோட போன சென்னைச் சிப்பாய்கள்ல சிலபேர் திரும்பி வராம அங்கேயே தங்கிட்டாங்க. மணிலா பக்கத்துல கைன்டாங்கற ஊர்ல அவங்க வம்சம்னு சொல்லிக்கிறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

நம்ம கிட்டப்பார்வை தெஸ்தேங்? விடுதலையானதும் கடற்படைக்குப் போனார், அட்மிரல் ஆனார். அமெரிக்கச் சுதந்திரப் போர்ல அமெரிக்கர்களுக்கு உதவ பிரான்ஸ் அனுப்பின கப்பல் படைக்கு அவர்தான் தலைவர். 1779 அக்டோபர் 9 விடியற்காலையில ஆங்கிலேயர் பிடிச்சு வெச்சிருந்த சவானா நகரம் மேல திடீர்த் தாக்குதல் நடத்தினார். வழி தெரியாம படைகள் தாமதமாச்சு, உள்ளே இருந்தவங்க தயாரா காத்திருந்தாங்க. அவர் பக்கத்துல செத்தவங்களும் காயம்பட்டவங்களுமா 800 பேருக்கு மேல. அவருக்கே ரெண்டு காயம். 21 வருஷம் முன்னாடி மண்ணடிப் பக்கம் எதிராளி எந்தத் தப்பால தோத்தான்னு கண் முன்னால பார்த்தவர், அதே தப்பைத் தானே செஞ்சார். அங்கே டிரம் பையன் யாரையும் குத்தம் சொல்ல முடியலை!

சென்னை முற்றுகையோட மிச்சக் கதை ரெண்டு வரிதான். ஜனவரி 2-ல இருந்து லாலி கோட்டை மேல பீரங்கி அடிச்சார். வெளியே செங்கல்பட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு அவரை நிம்மதியா சாப்பிட விடாம அடிச்சவங்கள்ல முக்கியமானவர் யூசுப் கான். ஆமாம், கமல் 1997-ல ஆரம்பிச்சு நின்னுபோச்சே, அந்த மருதநாயகம்தான். 1759 பிப்ரவரி 9-ல பரங்கிமலையில நடந்த கடும் சண்டையிலும் அவர் இருந்தார். 16-ம் தேதி ஆறு ஆங்கிலக் கப்பல்கள் கண்ணுல பட்டது. மறுநாள் லாலி பெரிய பீரங்கிகளையும் காயம்பட்ட ஆட்களையும் விட்டுட்டுக் கிளம்பிட்டார். 1761-ல புதுச்சேரி விழுந்தது. 1766-ல பாரிஸ்ல லாலி தலையை வெட்டினாங்க. அந்தத் தீர்ப்பு அநியாயம்னு வால்டேர் போராடி, 1778-ல அதை ரத்து பண்ண வெச்சார். அவருக்குப் பேச ஒரு வால்டேர் கிடைச்சார்.

ஊருக்கு?

ஒரு படை கொள்ளையடிச்ச வீடுகள் மேலதான் இன்னொரு படை வந்து சுட்டது. டிரேப்பர் வந்தது ஊரை மீட்க இல்லை, குடிச்சுட்டுக் கிடந்த எதிரியை அடிக்க. ரெண்டு தரப்பும் தங்கள் பக்கம் எத்தனை சிப்பாய்னு கணக்கு வெச்சாங்க. தெருவுக்கு ரெண்டு பக்கமும் இருந்த அந்த வீடுகள்ல மாட்டிக்கிட்ட ஜனங்க இந்தக் கணக்குல எந்தப் பத்தியிலும் வரலை.

அப்புறம்தான் ஞானம் வந்து, கறுப்பர் நகரத்தைச் சுத்தி மதில் எழுப்பற வேலை ஆரம்பிச்சது. ஹைதர் அலி பரங்கிமலை வரைக்கும் வந்து பயமுறுத்தினதுல வேலை வேகமெடுத்து, 1770-களோட தொடக்கத்துல முடிஞ்சது. அந்தச் செலவை ஊர்க்காரங்ககிட்டயே வரியா வாங்கிடலாம்னு கம்பெனி நினைச்சது. அந்த நினைப்புதான் வால்டாக்ஸ் ரோடுங்கற பேரா இன்னும் நிக்குது. கொள்ளை போன வீட்டுக்காரன்கிட்டயே பூட்டுக்குக் காசு கேட்ட கதை. மதில்ல மிஞ்சின ஒரு துண்டை ராயபுரம் பக்கம் பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவுல பார்க்கலாம். கோட்டைக்கும் ஊருக்கும் நடுவுல இனி ஒரு வீடும் வரக் கூடாதுன்னு 1773-ல நட்ட ஆறு எல்லைத் தூண்கள்ல மிச்சமிருக்கிற ஒண்ணு பாரிமுனையில டேர் ஹவுஸ்ல இருக்கு.

டிரேப்பர் தன் ரெஜிமெண்ட்ல செத்தவங்களுக்கு பிரிஸ்டல்ல ஒரு நினைவுச் சின்னம் வெச்சார், அது இன்னும் இருக்கு. மண்ணடியில டிரம் தட்டின பையன்கள்ல ஒருத்தன் பேரு கூட நமக்குக் கிடைக்கலை. பழி மட்டும் 260 வருஷத்துக்கு மேலா பத்திரமா இருக்கு.

அடுத்த முறை பாரிமுனையில பஸ்ஸுக்கு நிக்கும்போது அந்தத் தூணை ஒரு நிமிஷம் பாருங்க. ரெண்டு படை மோதின ஊர் அது. ரெண்டுல ஒண்ணு கூட அந்த ஊருக்காக வரலை.